அருள் என்று நினைத்தோம்

எங்கள் கண்ணுக்குத் தெரியாத இரண்டு பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்திருப்பதாக என் கணவர் சொல்லத் தொடங்கியபோது வீட்டில் யாரும் பயப்படவில்லை. பயந்திருக்க வேண்டும். சிலிம் ரிவர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவரை, திருவிழாவுக்குத் திருவிழா முனியாண்டி கோயிலில் அருள் வந்து ஆடியவர் அவர். தோட்டத்தை விற்றார்கள், நாங்கள் ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்குக்கு வந்தோம், அவர் தொழிற்சாலை வேலைக்குப் போனார். அருள் வருவதும் நின்றுபோனது.

"பிள்ளை உருவத்துல சாமிதான் திரும்ப வந்திருக்கு அண்ணி," என்று நாத்தனார் சூடமும் எலுமிச்சம்பழமுமாக வந்து நின்றாள். அவளைப் பார்த்து அக்கம்பக்கத்தாரும் குறி கேட்க வந்தார்கள். அவரும் திருநீறு பூசிவிட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாமி வந்தவர் ஏன் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார்? பொத்தான் போட ஏன் திணறுகிறார்? காலையில் தெளிவாகப் பேசுவார், மத்தியானம் சுவரையே வெறிப்பார். தூக்கத்தில் கத்திக்கொண்டே என்னை உதைப்பார். ஞாபகத்தில் மட்டும் குறையே இல்லை. கிளினிக்கில் கேட்டால் வயசாகிவிட்டது என்றார்கள். யாருக்குத்தான் வயசாகவில்லை?

ஈப்போ ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் டாக்டர் அவரை நடக்கவிட்டுப் பார்த்தார், கடிகாரம் வரையச் சொன்னார், அவருடைய தூக்கத்தைப் பற்றி என்னைத் துருவித் துருவிக் கேட்டார். ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை.

"மறதி முதல்ல வந்திருந்தா வேற சீக்குன்னு நெனச்சிருப்பேன் ஆண்ட்டி. இவருக்கு உருவம் தெரியுது, நடை இறுகுது, தூக்கத்துல உதைக்கிறாரு. எல்லாத்தையும் சேத்துப் பாத்தா, மூளை செல்லுக்குள்ள ஒரு புரதம் உருண்டையா தேங்குற சீக்கு மாதிரி இருக்கு. மூளையவே எடுத்துப் பாக்காம உறுதியா சொல்ல முடியாது லா. ஆனா உருவம் தெரியுதுன்னு யாராச்சும் அடக்குற ஊசி போட வந்தா, முதல்ல இதச் சொல்லிருங்க. இவருக்கு உயிருக்கே ஆபத்தாயிரும்."

என் கணவர் கேட்டார்: "அப்போ தோட்டத்துல எனக்கு வந்தது?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "அது எனக்குத் தெரியாது அங்கிள்," என்றார்.

காரில் ஏறிய பிறகும் என் கணவர் விடவில்லை. "எத்தன பேரு என் கால்ல விழுந்தாங்க. எல்லாரையும் ஏமாத்திட்டேனா?"

"அது சாமிங்க. இதுதான் சீக்கு," என்றேன், வண்டியை எடுத்துக்கொண்டே.

"டாக்டருக்கே தெரியல. ஒனக்கு எப்படித் தெரியும்?"

அந்த நேரம் பார்த்து அவர் அவ்வளவு தெளிவாக இருந்தார். அவர் குழம்பிப்போகும் நேரம் வந்தால் தேவலை என்று நினைத்தேன். நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.