கதவுக்குப் பின்னால் தொங்கும் துண்டு

நான் வீட்டில் உடுத்துவது புடவையிலிருந்து சுடிதாருக்கும், சுடிதாரிலிருந்து நைட்டிக்கும் மாறியது ஆறு வருஷத்துக்குள். என் வயதுப் பெண்கள் எல்லோரும் இதே வழியாகத்தான் வந்தார்கள். கேட்டால் வெயில், வேலை, வசதி என்பார்கள். எனக்கும் வசதிதான், ஆனால் அது வேறு வகை வசதி. ஒரு துணியை உடுத்தினால் அடிக்க வருகிறவன் கைக்கு எங்கே பிடி கிடைக்கும் என்று பார்த்துத்தான் நான் மாறினேன்.

அடிக்க வருகிறவன் என் கணவன். மத்திய அரசு வேலை. சென்னையிலிருந்து மாற்றலாகிக் கொல்கத்தா வந்தோம். அவன் ஆபீஸ் அலிப்பூரில், வீடு பெஹாலாவில் இரண்டாவது மாடி. எங்கள் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. ஊரில் மாமனார், மாமியார், பக்கத்து வீடு என்று நாலு பேர் இருந்ததால் கையை ஓங்குவதோடு நிறுத்திக்கொண்டவன், பாஷை தெரியாத ஊரில் நான் தனியாக அகப்பட்டதும் தாராளமாகிவிட்டான். குழம்பில் உப்பு, என் அக்காவோடு போனில் பேச்சு, பால் பொங்கியது என்று காரணத்துக்குப் பஞ்சமே இல்லை.

புடவையில் பிடி அதிகம். முந்தானையை இழுத்தால் ஆளே கூடவே வந்தாக வேண்டும். ஓடலாம் என்றால் கொசுவம் காலைத் தட்டும். அப்படித் தட்டித்தான் ஒருநாள் சமையலறை வாசற்படியில் முகம் குப்புற விழுந்தேன். முன்பல் பாதி உடைந்து போனது. பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன். அவள் நம்பியதாகக் காட்டிக்கொண்டாள்.

சுடிதாரில் ஓட முடிந்தது. ஆனால் துப்பட்டா என்று ஒன்று இருக்கிறதே. ஒரு நாள் பின்னால் வந்து அதன் இரண்டு முனையையும் சேர்த்து ஒரே கையில் முறுக்கினான். மூச்சு நின்று, கண்ணுக்கு முன்னால் இருட்டி, காதுக்குள் குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவன் விட்டபோது நான் தரையில் இருந்தேன். குழந்தை என் பக்கத்தில் உட்கார்ந்து துப்பட்டாவைப் பிரித்துக்கொண்டிருந்தது. அன்றோடு துப்பட்டாவை விட்டேன். துப்பட்டா இல்லாத சுடிதார் அவனுக்கு ஆகாது. நைட்டிக்கு மறுப்பு இல்லை. நைட்டிக்குள் உடம்பு இருக்கிறதா என்றே யாருக்கும் தெரியாது, அதனால் அது அவனுக்கு மரியாதையான உடை. எனக்கோ அதில் கழுத்தைத் தவிரப் பிடிக்க ஒன்றும் இல்லை. கரியாஹாட் நடைபாதையில் தார்ப்பாய்க்குக் கீழே வரிசையாகத் தொங்கும் பருத்தி நைட்டிகளில், தடித்த துணியாக, கழுத்தில் இரட்டைத் தையல் போட்டதாகப் பார்த்துப் பார்த்து எடுப்பேன். கடைக்காரன் என்னைப் பெரிய ரசனைக்காரி என்று நினைத்திருப்பான்.

அவன் உடையும் மாறியது, அதையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் வீட்டில் லுங்கிதான். கோபம் வந்தால் முதலில் எழுந்து நின்று லுங்கியைத் தூக்கி மடித்துக் கட்டுவான். அதற்கு இரண்டு கையும் வேண்டும். அந்த மூன்று நொடி என்னுடையது. குழந்தையை வாரிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட அது போதும். எத்தனையோ நாள் அந்த மூன்று நொடியில் நான் தப்பித்திருக்கிறேன்.

பிறகு எல்லோரும் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்த காலம் வந்தது. வீடியோ மீட்டிங்கில் யாரோ ஒருவர் எழுந்தபோது லுங்கி தெரிந்துவிட்டதாம், ஆபீஸே சிரித்ததாம். மறுநாளே இவன் இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பெர்முடாவும் ரவுண்டு நெக் டி-ஷர்ட்டும் வாங்கிக்கொண்டான். பார்க்கப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தான், பக்கத்து வீட்டில்கூடச் சொன்னார்கள். பெர்முடாவை மடித்துக் கட்ட வேண்டியதில்லை. உட்கார்ந்திருந்தவன் கை என் கன்னத்தில் விழுந்த பிறகுதான் அவனுக்குக் கோபம் வந்திருக்கிறது என்றே எனக்குத் தெரியும். அந்த டிரவுசரை நான் வெறுத்த அளவுக்கு எந்தத் துணியையும் வெறுத்ததில்லை. துவைக்கும்போது கல்லில் அறைந்து அறைந்து எலாஸ்டிக்கைக் கெடுக்கப் பார்த்தேன். அது கெடவில்லை.

இனி துண்டு. நைட்டி போடும் தமிழ்நாட்டுப் பெண்ணுக்குக் காலிங்பெல் அடித்தால் முதல் வேலை கதவைத் திறப்பதல்ல, துண்டைத் தேடுவது. கேஸ் சிலிண்டர்காரர் வந்தாலும் சரி, கூரியர் வந்தாலும் சரி, மேலே துண்டைப் போட்டுக்கொண்டுதான் தாழ்ப்பாளில் கை வைப்போம். கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிய உடைக்கு மேலே இன்னொன்று எதற்கு என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. வங்காளத்திலும் இதே கதைதான் என்று இங்கே வந்து தெரிந்துகொண்டேன். கீழ்வீட்டு பௌதி மீன் வாங்க நைட்டியோடுதான் போவாள். பௌதி என்றால் அண்ணி, இங்கே அக்கம்பக்கத்துப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவது. மீன்கடைக்கும் மருந்துக் கடைக்கும் போகும்போது அவள் மேலே ஒரு ஓர்னா கட்டாயம் கிடக்கும். துப்பட்டாவுக்கு இங்கே அதுதான் பெயர். பதினாலு வருஷத்தில் ஓர்னா இல்லாத பௌதியை நான் பார்த்ததில்லை.

என் துண்டு ஊரிலிருந்து கொண்டுவந்த ஈரிழைத் துண்டு, ஓரத்தில் சிவப்புக் கரை. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கியில் தொங்கும். வாசலிலிருந்து எட்டு எட்டு தூரம்.

என் பெண்ணுக்குப் பதினேழு வயது ஆனபோது, துர்கா பூஜைக்கு மூன்று வாரம் முன்னால், கரியாஹாட்டில் அவள் ஒரு ஷார்ட்ஸ் எடுத்தாள். கருநீலம், முட்டிக்கு நாலு விரல் மேலே, இரண்டு பக்கமும் பாக்கெட். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் டியூஷன் போகிறார்கள். அப்பா ஆபீஸ் போன பிறகு போட்டுக்கொள் என்று சொல்லி வாங்கிக் கொடுத்தேன். அவளும் அப்படியே செய்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவன் மட்டன் வாங்கப் போயிருந்தான், அவள் ஷார்ட்ஸில் இருந்தாள். ஞாயிறன்று அந்தக் கடையில் வரிசை ஒரு மணி நேரம். மசாலா அரைக்க உட்கார்ந்தால் இஞ்சி இல்லை.

"இஞ்சி வாங்கிட்டு வாடி."

"இரு, மாத்திட்டு வரேன்" என்றாள்.

"அஞ்சு நிமிஷ வேலை. இப்படியே போயிட்டு வா" என்றேன். அதைச் சொன்னது என் வாய்.

அவள் கதவைத் திறந்தபோது அவன் மட்டன் பையோடு வெளியே நின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு வரிசை இல்லை போலிருக்கிறது. அவள் கையைப் பிடித்து உள்ளே தள்ளினான். பையைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, பால் பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோலோடு வந்தான். வெளிக்கதவு திறந்தே கிடந்தது.

"போய் மாத்துறியா, இல்ல இங்கயே வெட்டட்டுமா?"

"மாத்த மாட்டேன்" என்றாள்.

அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தினான். மற்ற கையால் ஷார்ட்ஸின் ஓரத்தில் கத்தரிக்கோலை வைத்தான். அவள் திமிறினாள். முனை வழுக்கி முட்டியில் நீளமாகக் கீறியது. ரத்தம் கணுக்கால் வரை இறங்கியதைப் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் அவன் மேல் நான் ஒரு விரல் வைத்ததில்லை. அன்றைக்கு அவன் மணிக்கட்டைக் கடித்தேன். பாதி உடைந்த என் பல்லும் இறங்குகிற அளவுக்குக் கடித்தேன். வாயில் உப்புக் கரித்தது. சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

கத்தரிக்கோல் விழுந்தது. என் பெண் அதை சோபாவுக்கு அடியில் உதைத்துத் தள்ளினாள். அவன் என் காதோடு சேர்த்து அறைந்தான், நைட்டியின் கழுத்தைப் பிடித்துக் கிழித்தான். இரட்டைத் தையல் விட்டது. அதற்குள் அவள் என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவிட்டாள். அவள் மாடிப்படியில் இருந்தாள், என் ஒரு கால் வெளியே இருந்தது. இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் தப்பித்திருப்போம்.

அப்போது மேல்மாடிப் பெரியவர் இறங்கி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. நான் குனிந்து என்னைப் பார்த்தேன். கழுத்து கிழிந்த நைட்டி, மேலே ஒன்றும் இல்லை.

"அம்மா, வா" என்று என் பெண் இழுக்கிறாள்.

"இருடி, துண்டு" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன்.

இதை எழுதும்போதும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. கொல்ல வருகிறவன் இருக்கும் வீட்டுக்குள், ஒரு கிழவர் பார்த்துவிடுவாரே என்று திரும்பிப் போன மடச்சி நான். எட்டு எட்டையும் ஓடிக் கடந்தேன். கதவுக்குப் பின்னால் கையை விட்டுத் துண்டைத் தொட்டேன். அவன் கதவைக் காலால் எட்டி உதைத்தான். கதவுக்கும் சுவருக்கும் நடுவில் என் வலது கை இருந்தது. எலும்பு முறியும் சத்தம், விறகை ஒடிப்பது போல, எனக்கே கேட்டது. அவன் மறுபடி உதைத்தான். மூன்றாவது உதைக்கு நான் கத்தக்கூட இல்லை.

வெளியே போயிருந்தவள் திரும்பி உள்ளே வந்தாள். பின்னாலிருந்து பாய்ந்து அவன் டி-ஷர்ட்டின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலைத் தூக்கி அவன் முதுகில் ஊன்றி, முழு பலத்தோடு இழுத்தாள். சுடிதார் போட்டிருந்தால் அந்தக் கால் அவ்வளவு உயரம் வந்திருக்குமா என்று தெரியவில்லை. அவன் கழுத்து நெரிந்து, முகம் கறுத்து, இரண்டு கையாலும் டி-ஷர்ட்டைப் பிறாண்டினான். அவன் கண்ணில் அன்றைக்கு நான் பார்த்த பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம். அவன் விழுந்தான். அவள் இழுப்பதை நிறுத்தவில்லை.

"விடுடி, போதும், விடு" என்று நான்தான் சொன்னேன். அவனுக்காகச் சொல்லவில்லை. அவள் ஜெயிலுக்குப் போகக் கூடாது.

அவள் கையை விட்டாள். நாங்கள் படியில் பாதி இறங்கும்போதே பௌதி எதிரே ஓடி வந்தாள். மீன் கழுவிய ஈரக்கை, நைட்டி. மேலே ஓர்னா இல்லை. மேல்மாடிப் பெரியவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பௌதி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீச்சே ஏஷோ", கீழே வா என்று சொல்லி என்னைத் தோளோடு அணைத்துக்கொண்டு போனாள். அவள் தோள்மேல் துணி இல்லை என்பதை அந்த வலியிலும் நான் கவனித்தேன். அவள் தேட நிற்கவில்லை.

கையில் மாவுக்கட்டுப் போட்ட பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். எழுதிக்கொண்டது ஒரு பெண் அதிகாரி. என் வங்காளம் மீன்கடை வங்காளம், அதனால் என் பெண்தான் பேசினாள். வாசல் வரை வந்துவிட்டு மறுபடி ஏன் உள்ளே போனாள் என்று அதிகாரி கேட்டது எனக்குப் புரிந்தது. போன் எடுக்க என்று என் பெண் பதில் சொன்னதும் புரிந்தது.

"பொய் சொல்லாத. துண்டு எடுக்கப் போனேன்னு சொல்லு."

"சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும். உன் முட்டிய அவன் கிழிச்சது உண்மை. என் கைய நசுக்குனது உண்மை. இதுவும் உண்மைதான். எல்லாத்தையும் எழுதட்டும்."

அவள் சொன்னாள். அதிகாரி சிரிக்கவில்லை. "ஓர்னா?" என்று மட்டும் என்னைப் பார்த்துக் கேட்டாள். தலையாட்டினேன். குனிந்து எழுதிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து, என் பெண்ணின் சர்ட்டிபிகேட்டுகளை எடுப்பதற்காக, அவன் ஆபீஸில் இருக்கும் நேரமாகப் பார்த்து ஒரு போலீஸ்காரரோடு அந்த வீட்டுக்குப் போனோம். என்னால் படியேற முடியவில்லை. அவள் மட்டும் மேலே போனாள், அதே ஷார்ட்ஸோடு. முட்டியில் தையல் போட்ட தழும்பு சிவப்பாக இருந்தது. பகல் பதினோரு மணி, நான் தெருவில் நின்றேன். பௌதியின் பழைய நைட்டி, கையில் கட்டு, மேலே எதுவும் இல்லை. ரிக்‌ஷாக்காரர்கள் போனார்கள், காய்கறி வண்டி போனது, மேல்மாடிப் பெரியவர் பால் வாங்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போன் அடித்தது. மேலேயிருந்து அவள்தான்.

"சர்ட்டிபிகேட் எல்லாம் எடுத்துட்டேன்மா. உன் துண்டு கதவுக்குப் பின்னாடியே தொங்குது. எடுத்துட்டு வரவா?"

"வேண்டாம், தொங்கட்டும். நீ உள்ள நிக்காம இறங்கி வா" என்றேன்.