பதினாறு மூச்சு

நர்சிங் படிப்பின் முதல் வாரத்திலேயே எங்களுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். அதற்கென்று தனிப் பாடவேளையே இருந்தது. மூச்சை எண்ணுகிறோம் என்பது நோயாளிக்குத் தெரியக் கூடாது; தெரிந்துவிட்டால் மூச்சு விடுவதை ஒரு உத்தியோகமாக நினைத்துச் சிரத்தையோடு செய்ய ஆரம்பித்துவிடுவார். ஆகவே நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்து, மார்பு ஏறி இறங்குவதை ஓரக்கண்ணால் எண்ண வேண்டும். வீட்டில் ஓரக்கண்ணால் பார்த்ததற்கு அடி வாங்கிய நாற்பது பெண்கள், இங்கே அதையே மதிப்பெண்ணுக்காகச் செய்தோம்.

இந்தப் பொய்யை எங்களில் மிக அழகாகச் சொன்னவள் ஆமை. அவளுக்குக் கெட்ட பெயர் வந்ததும் அதனால்தான்.

ஆமை என்பது விடுதியில் நாங்கள் வைத்த பெயர். படுக்கை விரிப்பை நாங்கள் நான்கு நிமிடத்தில் மாற்றினால் அவளுக்குப் பதினொரு நிமிடம் ஆகும். மூலையை மடிக்கும்போதே நிறுத்தி, "இந்தப் பக்கம் குளிருதாம்மா?" என்று கேட்பாள். படுத்திருக்கும் அம்மா குளிரில் ஆரம்பித்து மருமகளில் முடிப்பார். மணிக்கட்டைப் பிடித்தாலோ கேட்கவே வேண்டாம். நாடிக்கு ஒரு நிமிடம், மூச்சுக்கு ஒரு நிமிடம் என்பது கணக்கு. ஆமை எண்ணி முடித்த பிறகும் கையை விடமாட்டாள். அவர்களும் இழுத்துக்கொள்ள மாட்டார்கள். ஊசி, மாத்திரை, கத்தி தவிர வேறொன்றும் தங்களைத் தொடாத இடத்தில், சும்மா இருக்கும் ஒரு கை கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

எங்கள் ஆசிரியை இஸ்திரி மேடம். எட்டு மணி நேரம் வார்டில் சுற்றினாலும் அவர் சீருடையில் ஒரு மடிப்பு விழாது. சிரித்தால் விழுந்துவிடுமோ என்று சிரிப்பதையும் தவிர்த்துவந்தார்.

"ஏய், அங்க என்ன கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற? இது வார்டா, பஸ் ஸ்டாண்டா?"

"நாடி பாக்குறேன் மேடம்."

"அவருக்கு மட்டுமா, இல்ல அவர் வம்சத்துக்கே சேர்த்தா?"

இப்படி இரண்டு முறை எழுத்து மூலமாகவே எச்சரிக்கை வந்துவிட்டது. முதல் ஆறு மாதம் எல்லோருக்கும் சோதனைக் காலம். அதன் முடிவில் செய்முறைத் தேர்வு. அதில் தவறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆமைக்கு அப்பா இல்லை. ஆணியும் போல்ட்டும் விற்கும் சித்தப்பாதான் எல்லாம். "இவ ஆறு மாசம் தாங்க மாட்டா. திரும்பி வந்து கடையில ஆணி நிறுக்கட்டும்" என்று சொல்லியே ரயில் ஏற்றியிருந்தார். மாதம் தவறாமல் கார்டு போடுவார்; நலம் விசாரித்துவிட்டுக் கடைசி வரியில், கடைக்கு ஆள் தேவைப்படுவதை நினைவூட்டுவார். அந்த வரியை நாங்கள் சித்தப்பாவின் குரலில் படித்துக்காட்டுவோம். ஆமையும் சிரிப்பாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் இருப்பாள். கண் ஏன் சிவந்திருக்கிறது என்றால் சோப்புப் பட்டுவிட்டது என்பாள். அந்த வாரம் விடுதியில் யாரிடமும் சோப்பு இருந்திருக்காது.

பன்னிரண்டாம் எண் கட்டிலில் பேண்டு மாஸ்டர் இருந்தார். நாற்பது வருடம் கல்யாண ஊர்வலங்களில் டிரம்பெட் ஊதியவர். நுரையீரல் இரண்டும் பழைய துருத்தியாகிவிட்டன. நிமிடத்துக்கு இருபத்தெட்டு மூச்சு, அதிலும் சில பாதி மூச்சு. எங்கள் பாடவேளையையே கவிழ்த்தவர் அவர்தான். ஒருநாள் ஆமை மணிக்கட்டைப் பிடித்த கணமே சொன்னார்:

"பாப்பா, நீ கடிகாரத்தைப் பாக்கல. என் சட்டைப் பட்டனைப் பாக்குற."

"இல்ல மாஸ்டர், நாடிதான்..."

"நாப்பது வருஷம் ஊதினவன்கிட்டயே மூச்சுத் திருட்டா?"

பிடிபட்ட பிறகு இருவருக்கும் இன்னும் நெருக்கம் கூடியது. திருடனும் போலீசும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பதுபோல.

தேர்வுக்கு முந்தின நாள் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். ஆமைக்குப் பன்னிரண்டாம் கட்டில். வெளியிலிருந்து வரும் பரிசோதகர் எதிர்ப்பக்கம் நின்று அதே நேரத்தில் எண்ணுவார். இரண்டு எண்ணிக்கைக்கும் நடுவே இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் தோல்வி. நானும், வாயாடி என்று நாங்கள் அழைத்த அறைத்தோழியும் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, தோழமைக்காக ஒரு காரியம் செய்தோம். இன்றுவரை அதை நினைத்தால் காது சூடாகிறது. நேராக மாஸ்டரிடம் போனோம்.

"மாஸ்டர், நாளைக்கு ஆமைக்குப் பரீட்சை. உங்க மூச்சு தாறுமாறா இருக்கு, அவ தடுமாறிடுவா. கொஞ்சம் சீரா விட முடியுமா?" என்றாள் வாயாடி.

"எத்தனை வேணும்?" என்றார் அவர், தையல்காரர் அளவு கேட்பதுபோல.

"பதினாறு. புத்தகத்துல அதுதான் போட்டிருக்கு," என்றேன் நான்.

"தாளம் பிசகாது, போங்க."

மூச்சு இல்லை என்றுதான் ஒரு மனிதர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். அவரிடமே போய் மூச்சைக் கேட்ட அறிவாளிகள் நாங்கள். ஆறு மாதப் படிப்பு வீண்போகவில்லை.

மறுநாள் காலை பரிசோதகர் வந்தார். மார்பில் தலைகீழாகக் கடிகாரம் குத்தியிருந்த கனத்த அம்மாள். பக்கத்தில் இஸ்திரி மேடம். அடுத்த கட்டிலில் என் முறைக்காக நான் காத்திருந்தேன். ஆமை மணிக்கட்டைப் பிடித்தாள். மாஸ்டரின் மார்பு ஏறியது, நின்றது, இறங்கியது. மாப்பிள்ளை மேடை ஏறும்போது வாசிப்பதுபோல அத்தனை கம்பீரம். நான் மனத்துக்குள் கைதட்டினேன்.

அரை நிமிடம் போயிருக்கும். ஆமையின் பார்வை சட்டைப் பட்டனை விட்டுக் கழுத்துக்குப் போனது. அங்கே தசைகள் கயிறாக முறுக்கியிருந்தன. பிறகு நெற்றிக்கு, முத்து முத்தாக வேர்வை. பிறகு அவள் பிடித்திருந்த கையின் நகத்துக்கு. சட்டென்று கையை விட்டாள். ஆறு மாதத்தில் அவள் சீக்கிரம் கையை விட்டது அன்றுதான்.

"மாஸ்டர், போதும். விட்டுடுங்க."

மாஸ்டர் கூரையைப் பார்த்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ற? இன்னும் நிமிஷம் முடியல," என்றார் பரிசோதகர்.

"மேடம், இது அவர் மூச்சு இல்ல."

"பின்ன யாரு மூச்சு?"

"எனக்காக விடுறாரு மேடம். எண்ணிக்கை சரியா இருக்கு. ஆளு சரியா இல்ல. நகத்தைப் பாருங்க, நீலமாகுது." மாஸ்டரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "விடுங்கன்னு சொல்றேன்ல!"

மாஸ்டர் விட்டார். அடைத்துவைத்திருந்ததெல்லாம் இரைச்சலாக வெளியே வந்தது. அதற்குப் பிறகு ஆமையை யாரும் ஆமை என்று சொல்லியிருக்க முடியாது. அவரை நிமிர்த்தி உட்காரவைத்தாள், முன்னால் மேசையை இழுத்துத் தலையணையைப் போட்டு அதில் சாயவைத்தாள், டாக்டருக்கு ஆள் அனுப்பினாள். ஆக்சிஜன் சிலிண்டரை நான் பாய்ந்துபோய் முழுசாகத் திறக்கப் பார்த்தேன். என் கையில் ஒரு அடி விழுந்தது.

"கொஞ்சமாத் திறடி! இவருக்குக் கொஞ்சமாத்தான் குடுக்கணும்னு படிச்சோமே!"

பிறகு நின்ற நிலையிலேயே எண்ணினாள். முப்பத்து நான்கு.

இருபது நிமிடத்தில் நகத்தில் நிறம் திரும்பியது. மாஸ்டர் கண்ணைத் திறந்து, மூன்று தவணையாகக் கேட்டார்: "பாப்பா... பாஸ்... தானே?"

மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஆமையின் தாளில் முப்பத்து நான்கு. பரிசோதகரின் தாளில் பதினாறு. இவ்வளவு ஒழுங்கான மூச்சுக்கு முழு நிமிடம் எதற்கு என்று அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கி, அப்போதே எழுதிவிட்டிருந்தார். வித்தியாசம் பதினெட்டு. விதிமுறைப்படி ஆணிக்கடைதான். ஆமை தாளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இஸ்திரி மேடம் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூலைகளை நேர்செய்தார்.

"மேடம், விதிப்படி ரெண்டு பேர்ல ஒருத்தர் பெயில். யாருன்னு நீங்களே எழுதிடுங்க."

பரிசோதகர் நெடுநேரம் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு தன் பதினாறை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்திட்டார். நல்ல மனுஷி.

வாயாடியும் நானும் அன்றே உண்மையைச் சொன்னோம். இரண்டு மாதம் வார்டின் பெட்பேன் முழுவதும் எங்கள் பொறுப்பானது. நியாயமான தீர்ப்பு, மேல்முறையீடு செய்யவில்லை.

ஆமை எங்களிடம் கோபப்படவில்லை. கோபமெல்லாம் மாஸ்டரிடம். இரண்டு நாள் அவரிடம் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் அவரே ஆரம்பித்தார்.

"உனக்காகத்தானே பண்ணேன், பாப்பா."

"எனக்காகப் பண்றதா இருந்தா, வலிச்சாக் கத்துங்க. மூச்சு முட்டுனா முட்டுதுன்னு சொல்லுங்க. என் மனசு நோகக் கூடாதுன்னு நல்லா இருக்கற மாதிரி நடிச்சீங்கன்னா, நான் யாரைப் பாத்துக்கறது?"

"கத்துனா உங்க இஸ்திரி திட்டுமே?"

"திட்டட்டும். திட்டு எனக்குத்தானே. நீங்க கத்துங்க."

மாஸ்டர் சொன்ன சொல் தட்டாதவர். வீடு திரும்பும்வரை பத்தொன்பது நாள் வார்டில் ஒருவரையும் தூங்கவிடவில்லை.

அதன்பின் ஆமை முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தாள். பன்னிரண்டு வருடம் வார்டு பொறுப்பு. அவள் பொறுப்பில் இருந்த வார்டு எது என்று வழி கேட்கத் தேவையில்லை. மாடிப்படியிலேயே காதில் விழும். முனகல், திட்டு, அழுகை, நடுவில் சிரிப்பு. புதிதாக வந்த டாக்டர் ஒருவர் ரவுண்ட்ஸில் பொறுக்காமல் கேட்டார்:

"சிஸ்டர், உங்க வார்டுல மட்டும் ஏன் இவ்வளவு சத்தம்? மத்த வார்டெல்லாம் எவ்வளவு அமைதியா இருக்கு!"

அவள் ஒரு கிழவியின் மணிக்கட்டிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாளாம்:

"அங்கெல்லாம் மரியாதைக்காரங்க டாக்டர். அவங்களைத்தான் நீங்க முதல்ல போய்ப் பாக்கணும்."