லியோங்கின் அடியைத் தேடி கோத்தா திங்கிக்கு

கோத்தா திங்கி ஊரே ஆற்றில் முழுகி, வீட்டுச் சேறு கழுவி முடிப்பதற்குள் மறுபடியும் முழுகியதே, அந்த வருஷம்தான் எங்கள் கொம்பாங் கூட்டம் உண்டானது. கொம்பாங் என்றால் மலாய்க் கல்யாணத்தில் கையால் அடிக்கிற ஒருமுகக் கொட்டு. அப்போது நான் அங்கே குடியிருந்தேன். இப்போது யோங் பெங்கில் மகன் வீடு. போன மாதம் ஒரு புதன்கிழமை போய்வந்தேன். எனக்கு எழுத்து தெரியாது. போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது.

வெள்ளத்தின்போது பள்ளிக்கூட மண்டபத்தில் மலாய்க்காரர் ஒரு மூலை, சீனர் ஒரு மூலை, நாங்கள் ஒரு மூலை. இருந்தது ஒரே அடுப்பு. யார் என்ன சமைப்பது என்று கைகலப்பு வரைக்கும் போய்விட்டது. பாக் ஹசான் என்ற மலாய்க்காரர், படகில் ஏற்றிக் காப்பாற்றிய கொம்பாங்குகளை மூன்று மூலைக்கும் பங்கு வைத்தார். அந்தத் தாளம் மூன்று அடிகள் பின்னிக்கொள்வது. மூலைக்கு ஓர் அடிதான் சொல்லிக்கொடுத்தார். அடுத்தவன் அடியைக் கற்கக் கூடாது என்று சட்டமும் போட்டார். முறைத்துக்கொண்டால் அன்றைக்கு வாசிப்பே கிடையாதுலா. பிறகு பல வருஷம் எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் சேர்ந்து அடித்தோம்.

இப்போது எங்கள் மூலையில் நான் மட்டும். தனியாக அடித்தால் யாரோ விட்டுவிட்டுக் கதவு தட்டுவதுபோல் இருக்கிறது. சாவதற்குள் ஒரு தடவை முழுசாகக் கேட்க வேண்டும். சீனர்களில் மிஞ்சியவர் இரும்புக்கடை லியோங். அவரைக் கூட்டிக்கொண்டு பாக் ஹசானிடம் போகலாம் என்று கிளம்பினேன்.

காலை ஏழரைக்கு பஸ். லார்க்கின் பஸ் நிலையத்தில் மாறி இன்னும் நாற்பது கிலோமீட்டர், வழியெல்லாம் செம்பனைத் தோட்டம். இறங்கும்போது பதினொன்று. அங்கே வாடகைக் கார் பிடித்தேன். என் மடியிலிருந்த கொம்பாங்கைப் பார்த்த மலாய்க்கார டிரைவர், "அத்தோக், யாருக்குக் கல்யாணம்?" என்றார். அத்தோக் என்றால் தாத்தா.

"எனக்குத்தான். பொண்ணு தேடிக்கிட்டுப் போறேன்."

எட்டு வெள்ளி வாடகை கேட்டவர் சிரித்துக்கொண்டே ஏழு வாங்கிக்கொண்டார்.

கடையில் லியோங்கின் மகன் நாற்காலி போட்டான். அப்பா சீனப் புத்தாண்டுக்கு முன்பே போய்விட்டார் என்றான். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு என் போன் நம்பர் யாரிடம் இருக்கிறது?

பாக் ஹசான் கம்பத்தில், தன் மலாய்க் கிராமத்து வீட்டில் இருந்தார், பாதி ஆளாக. "நீ இன்னும் சாகலியா, ஆறுமுகம்?" என்றார்.

"உங்ககிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

லியோங் அடியை எனக்குச் சொல்லித்தரச் சொல்லிக் கேட்டேன். கெஞ்சினேன் என்றே வையுங்கள். அவர் தன் கொம்பாங்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ அதை அடிச்சா, உன் அடியை யாரு அடிக்கிறது? அந்த எடத்தை விட்டுட்டு அடி."

இருவரும் அடித்தோம். லியோங்கின் இடம் வரும்போதெல்லாம் நான்கு கையும் நின்றது. உள்ளே அவர் மகள் தண்ணீர்க் குழாயை மூடினாள்.

போகிறவர்கள் வருஷக் கடைசியில் போகாதீர்கள், ஆறு ஏறும். வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம், தொழுகை. சாயங்கால பஸ்ஸை நம்பாமல் மூன்று மணிக்கே திரும்புங்கள். உங்களுக்குச் சீனக் கூட்டாளி யாராவது இருந்தால் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள், சீக்கிரம். லியோங் அடியை அவருக்குச் சொல்லித்தர இன்னும் உயிரோடு இருப்பவர் ஒரே ஒருத்தர், பாக் ஹசான்.