தடுப்பை எடுக்கும் நேரம்

ஜெய்னம்புவின் தம்பி அதிராம்பட்டினத்திலிருந்து பேசியபோது நான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் மீன் அறையில் இருந்தேன். காலை விளக்குகள் எரியும் நேரம் இன்னும் வரவில்லை. "லாத்தா மௌத்தாயிட்டாங்க. எழுப்பினோம், எழுந்திரிக்கல. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நீங்க வந்துடுங்க" என்றார். சரி என்று சொன்னேனா, தெரியவில்லை. என் முன்னால் ஒரு சின்னத் தொட்டி. நடுவில் ஒரு தடுப்பு. இந்தப் பக்கம் ஆண் மீன், அந்தப் பக்கம் பெண் மீன். முந்தின நாள் சாயங்காலம் ஊருக்கு பஸ் ஏறும் முன் ஜெய்னம்பு தன் கையால் பிரித்து வைத்துவிட்டுப் போன ஜோடி அது. "காலையில தடுப்ப எடுத்துடு வசந்தா. மறந்து தொலைச்சுடாதே" என்பதுதான் என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது.

தஞ்சாவூரில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து போனவர்களுக்கு அந்த மீன்களைத் தெரியும். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஜீப்ரா மீன்கள். விளக்கு எரிந்தால் பொழுது விடிந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டு முட்டையிடும். முட்டை பளிங்காக இருக்கும். மறுநாளே உள்ளே இதயம் துடிப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். எத்தனை முறை பார்த்தாலும் ஜெய்னம்பு முதல் தடவை பார்ப்பவர் போல வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார். நான் கேலி செய்வேன். தடுப்பைத் தூக்கும்போது மட்டும் யாரும் பேசக் கூடாது. அவர் உதடு மட்டும் அசையும்: "பிஸ்மில்லாஹ்."

பேராவூரணி மல்லிகாவை உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அவளுடைய அண்ணன்கள் இருவரும் வாலிப வயதிலேயே, நோய் நொடி என்று எதுவும் இல்லாமல், தோப்பில் நடந்துகொண்டிருக்கும்போதே விழுந்து இறந்து போனவர்கள். மல்லிகாவின் இதயத்திலும் அதே கோளாறு. ஒரு ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அது இதயத்துக்குள் என்ன செய்கிறது என்று எந்த டாக்டருக்கும் தெரியவில்லை. ஜெய்னம்பு அதே எழுத்தை மீனின் ஜீனிலும் மாற்றினார். பல வருஷம் தோற்றுத் தோற்று, கடைசியில் சில குஞ்சுகளின் இதயம் மல்லிகாவுடையதைப் போலவே இடையிடையே துடிப்பு தவறியது. எங்களை ஊர் மெச்சியபோது அவர் சொன்னார்: "என்னத்த பெருமை! படிக்கத் தெரியாதவன் ஒரு எழுத்த அழிச்சுப் பார்த்து அர்த்தம் தேடுற கதைதான் இது."

மல்லிகாவை அழைத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினார். அவள் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இது என் இதயமாங்க?"

"இல்லம்மா. உன்னோட ஒரு எழுத்த இதுக்கும் எழுதியிருக்கேன். அது எங்க தடுக்குதுன்னு தெரிஞ்சா உனக்கு ஒரு வழி கிடைக்கும்."

"பாவங்க இது" என்றாள் மல்லிகா. அன்று ஜெய்னம்பு மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அந்த மீன் வம்சமே அழியப் பார்த்தது இந்த வருஷம்தான். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த அன்று, தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் செல்வம் வாய்க்காலில் ஒரு குடம் மொண்டு வந்து, நல்ல காரியம் என்று நினைத்து அந்த மீன்களின் தொட்டிகளில் ஊற்றிவிட்டார். பொழுது சாய்வதற்குள் மீன்கள் மிதந்தன. நான் கத்திய கத்தலுக்குக் கட்டடமே இடிந்திருக்க வேண்டும். செல்வம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஜெய்னம்பு செத்த மீன்களை ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு செல்வத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "இதுங்க பாட்டன் பூட்டனெல்லாம் நம்ம பக்கத்து வயல்லயும் ஓடையிலயும் திரிஞ்சதுதான் செல்வம். வெளிநாட்டுல இருந்துட்டு வந்துச்சுல்ல, ஊர்த்தண்ணி ஒத்துக்கல. எங்க ஊர்ல துபாய் போயிட்டு வர்ற ஆளுங்களும் இதே மாதிரிதான்" என்றார். செல்வம் அழுதுகொண்டே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த எழுத்தைச் சுமந்த மீன்களில் மிஞ்சியது ஒரு ஜோடி, அதற்கும் வயதாகியிருந்தது. நாலைந்து முறை சேர்த்தும் முட்டையிடவில்லை.

அந்த ஜோடிதான் அன்று காலை என் முன்னால் இருந்தது. போன் கையிலேயே இருந்தது. விளக்குகள் மெல்ல எரிந்தன. கூரையிலிருந்து வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கியது. எனக்குப் பழக்கமில்லாத சொல்தான், ஆனால் தடுப்பைத் தூக்கியபோது அதுதான் வாயில் வந்தது: "பிஸ்மில்லாஹ்." பெண் மீன் நகரவே இல்லை. ஆண் மீன் சுற்றிச் சுற்றி வந்தது. செல்வம் வாசலில் நின்றிருந்தார், உள்ளே வரவில்லை. எவ்வளவு நேரம் போனதோ. குனிந்து பார்த்தேன், தொட்டியின் அடியில் முட்டைகள், நொய்யரிசி சிந்தியதுபோல.

பட்டுக்கோட்டை வழியாக பஸ்ஸில் போனேன். நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் வானத்தை வைத்துக்கொண்டு நின்றது. அதற்குள் எங்கேயாவது அந்த மீன்கள் வரிவரியாக ஓடிக்கொண்டிருக்கும் என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். பஸ்ஸிலிருந்து என்ன தெரியப் போகிறது? வீட்டில் பெண்கள் விலகி இடம் கொடுத்தார்கள். முகத்தைப் பார்த்தேன். காதருகே குனிந்து, "போட்டுடுச்சு ஜெய்னம்பு" என்றேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அவருடைய நாற்காலியை நிறுவனம் எடுத்துக்கொண்டது. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு சொல்லும், அதைச் சொல்லும்போது வரும் அமைதியும்தான். என்னைப் போன்ற கோபக்காரிக்கு அது பெரிய சொத்து.

அடக்கத்துக்கு மறுநாள் சாயங்காலம் மல்லிகா வந்தாள். "அவங்க போயிட்டாங்களே, இனி யாருங்க பார்ப்பா?" என்றாள். நான் அவளை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இதுவும் தடுக்குதுங்களா?"

"தடுக்குதும்மா. ஆனா விடாம அடிச்சுக்கிட்டே இருக்கு, பாரு."