உங்கள் அம்மா குதிக்காத மடு

உங்கள் அம்மாவுக்குத் தண்ணீரென்றால் பயமே கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு தடவை அவள் குதிக்கப் போய்க் குதிக்காமல் திரும்பியது தெரியாது. அது என்னால் நடந்தது.

தொண்ணூறுகளில் ஒரு சித்திரை. எங்களுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். சூலூர்ப் பக்கம் மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தேன். உங்கள் மாமன்மார் இரண்டு பேரும் கோடை வந்தால் மலையடிவாரத்துக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். அங்கே ஓடைக்குள்ளேயே பாறை பாறையாக இறங்கிப் போனால், கடைசியில் இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே ஆழமான மடு. அதில் குதித்து நீந்தினால்தான் அந்தப் பக்கம் போக முடியும். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே உங்கள் அம்மா வளர்ந்தவள். பொம்பளைப் பிள்ளை என்று ஒருநாளும் கூட்டிப் போனதில்லை. இந்தத் தடவை மாப்பிள்ளை கூட வருகிறாரே என்று மாமனார் அவளையும் அனுப்பிவிட்டார்.

வெளியே வெயில் கொளுத்தியது. ஓடைத் தண்ணீரில் கால் வைத்தால் எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. வழுக்குப் பாறைகளில் உட்கார்ந்தபடியே சறுக்கினோம். என் கால்சட்டை பின்னால் கிழிந்துவிட்டது.

"பரவால்லீங்க, காத்தோட்டமா இருக்கும்" என்றாள் உங்கள் அம்மா. மாமன்மார் சிரிப்பை மறைக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மடு வந்தது. பாறை விளிம்பிலிருந்து தண்ணீருக்கு ஒரு கூரை உயரம்தான் இருக்கும். கீழே தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. எனக்கு நீச்சல் தெரியும். ஆனால் எங்கள் கிணற்றில் படியில் இறங்கித்தான் நீந்துவேன். மேலிருந்து குதித்ததே இல்லை.

"மொதல்ல நீங்க குதிங்க மாப்ள. அப்பறந்தான் நாங்க" என்றார் பெரிய மாமன். மரியாதைக்காகச் சொன்னார். நான் பாறை விளிம்பில் நின்றேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. பின்னால் உங்கள் அம்மா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"தலை சுத்துதுங்க" என்றேன்.

"எனக்குங்கூட காலு மரத்துப் போச்சுங்க. மேலயே ஏறிக்கலாம்" என்றார் அவர் உடனே. என்னவோ சொல்ல வாயெடுத்த சின்ன மாமனை ஒரு பார்வையிலேயே அடக்கினார்.

"அண்ணா, நான் மட்டும் குதிச்சுப்போட்டு..."

"மாப்ள நிக்கறப்ப நீ குதிக்கறதா அம்மணி? வா."

அவள் என்னைப் பார்த்தாள். குதி என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் தடுத்திருக்க மாட்டார். நான் பயந்து நிற்க, அவள் குதித்தால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? குனிந்து காலில் முள் தேடுகிறவன் மாதிரி நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் துப்பட்டாவை அவிழ்ப்பது தெரிந்தது. வந்த வழியே நாலு பேரும் ஏறினோம்.

வீட்டில் கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "குதிச்சீங்களா?" என்று மாமனார் கேட்டார்.

"மடுவுல தண்ணியே இல்லீங்கப்பா" என்றார் பெரிய மாமன்.

முதல் இலை எனக்குத்தான் போட்டார்கள். பரிமாற வந்த மகளின் தலையைத் தொட்டுப் பார்த்து மாமியார் சொன்னார்: "அத்தன தூரம் போயும் ஒரு மயிருகூட நனையலியே கண்ணு?"

"தண்ணி இல்லீங்கம்மா" என்று சொல்லி, அவள் என் சோற்றில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். நான் நிமிரவே இல்லை.