பாக்கெட் ஃபிலரோமின் வீடு நகர்ந்த கதை

சேன்ட் மரி விரிகுடாக் கரையில், பிரெஞ்சு பேசும் அக்காதியர் ஊர்களில் ஃபிலரோம் சுரெத் இல்லாமல் ஒரு வீடும் எழும்பியதில்லை. அவன் கைபட்டு எழும்பிய வீடும் கிடையாது. புது வீட்டுக்கு மரச்சட்டம் தூக்கி நிறுத்துகிற நாளில் ஊரே தோள் கொடுக்கும். அவன் மட்டும் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் தூணைப் பார்ப்பான். "சாயுது" என்பான். தூக்குக்குண்டே நேர் என்று சொன்னாலும் அவன் கண் ஒத்துக்கொள்ளாது. தூண் முனையில் செதுக்கிய கழுந்து அதற்கான துளையில் இறங்கியதும், "நான் சொன்னதாலதான் பொருந்துச்சு" என்பான். சாப்பாட்டுக்கு அழைத்தால் முதல் தட்டு அவனுடையது. அதற்கு மட்டும் கை வெளியே வரும். ஊர் அவனுக்கு பாக்கெட் ஃபிலரோம் என்று பெயர் வைத்தது. அதையும் ஏதோ பட்டம் கிடைத்ததுபோல் எடுத்துக்கொண்டான்.

அவன் குடியிருந்தது மாமனார் கட்டிய வீடு. சதுப்புப் புல் பிசைந்த களிமண்ணைச் சட்டங்களுக்கு இடையே அடைத்து, மேலே பிர்ச் மரப்பட்டை போர்த்தி, அதன்மேல் மரச்சில்லு அறைந்த கெட்டி வீடு. அந்த மனிதர் வாழ்நாளில் செய்த ஒரே பிசகு மகளை இவனுக்குக் கொடுத்ததுதான் என்பார்கள்.

ஒரு வருடம் குளிருக்கு முந்தைய புயலில் கடல் கரைமேட்டைக் கடித்து, பன்றிக் கொட்டிலையும் சேர்த்து விழுங்கியது. அடுக்களைச் சுவருக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு வண்டி திரும்ப இடமில்லை. பனி உருகி மண் இளகினால் அடுத்த கவளம் வீடுதான். அதற்குள் உறைபனிமேல் சறுக்கவிட்டு, சாலையோர மேட்டுக்கு இழுத்தாக வேண்டும். அதற்கு ஊர் மாடுகள் எல்லாம் வேண்டும். கூலி என்ற பேச்சே கிடையாது; கேட்டால் வருவார்கள், வயிறு நிறையச் சாப்பாடு போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வாசலில் ஃபிலரோம் கேட்டான். அவன் மனைவி ஓசித்தின் அண்ணன் தெயோதிமிடம்தான் ஊரிலேயே பலத்த எருதுகள் இருந்தன.

"வராம இருப்போமா மாப்பிள்ளை? நீங்க எங்க வீட்டு வேலைக்கு வந்த மாதிரியே நாங்களும் வர்றோம்" என்றான் தெயோதிம்.

ஃபிலரோமுக்கு அந்தப் பேச்சு இனித்தது. ஓசித்துக்குக் குத்தியது.

சனிக்கிழமை காலை ஊர் திரண்டு வந்தது. மாடு வரவில்லை, கயிறு வரவில்லை. ஆண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாக் கைகளும் பைக்குள். எல்லாருக்கும் ஒரு கண் மூடியிருந்தது.

"சாயுது" என்றான் ஒருவன்.

"வீடா, மேடா?"

"ரெண்டும்தான். நான் அப்பவே சொன்னேன்ல."

"அது கிடக்கட்டும். சாப்பாடு ஆச்சா?"

ஃபிலரோம் சிரித்துப் பார்த்தான். கூடச் சிரிக்க ஆளில்லை.

இன்னொரு வினையும் இருந்தது. குளிருக்கு அடக்கமாக வீட்டு அடியைச் சுற்றிக் கடற்புல் அணைப்பது வழக்கம். எல்லாரும் அதைக் காயவைத்து அடுக்குவார்கள். இவனோ, ஈரமாக்கினால் இறுகி நிற்கும் என்று ஓசித்தை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வைத்திருந்தான். இறுகித்தான் நின்றது. கல்லாய் உறைந்து அடிச்சட்டத்தைக் கவ்விப் பிடித்திருந்தது. அதை வெட்டி எடுக்காமல் நூறு மாடு இழுத்தாலும் வீடு அசையாது.

ஓசித் கோடரியைக் கொண்டுவந்து அவன் மார்பில் சாய்த்தாள்.

"போனா எங்கப்பா வீடு போகுது. உங்களுக்கென்ன, வேற எவன் வீட்டு வாசல்லயாவது போய் நின்னுக்குவீங்க. வெட்டுங்க."

"கூட யாராச்சும் ஒரு கை..."

"நாங்க பாத்துச் சொல்றோம் மாப்பிள்ளை" என்றான் தெயோதிம். "அதுதானே கஷ்டமான வேலை?"

ஃபிலரோம் வெட்டினான். "கோடரி சாயுதுய்யா!" "முழங்கையை மடக்கு, பாக்கெட்!" "ஏன் தடவுற, அதென்ன வெண்ணெயா?" என்று வரிசை பாடிக்கொண்டே இருந்தது. உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. உச்சிப்பொழுது தாண்டிக் கடைசிக் கட்டி பெயர்ந்தபோது தெயோதிம் சீழ்க்கை அடித்தான். மேட்டுக்கு அப்பால் மறைத்து நிறுத்தியிருந்த எருதுகள் ஜோடி ஜோடியாக வந்தன.

அடியில் சறுக்குக் கட்டைகள் போயின. சங்கிலி மாட்டினார்கள். வீடு முனகிக்கொண்டு கிளம்பியது. புகைபோக்கியில் புகை நிற்கவில்லை. உள்ளே ஓசித், துருவிப் பிழிந்த உருளைக்கிழங்கும் கோழியுமாக ராப்பி வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

மேடு ஏறியதும், அடுக்களைக் கதவு காற்றுக்கு முதுகு காட்டும்படி தெயோதிம் வீட்டைத் திருப்பப் போனான். ஃபிலரோமின் கைகள் அதற்குள் பைக்குத் திரும்பியிருந்தன. கூடவே நாக்கும் எழுந்தது.

"நிறுத்துங்க மச்சான். அடுக்களைக் கதவு கடலைப் பாத்துதான் இருக்கணும். எவன் படகை எப்படிக் கரையேத்துறான்னு நான் பாக்க வேணாமா?"

குளிர்காலம் முழுக்கப் பனிக்காற்று வீசுவது கடலிலிருந்துதான். விறகும் கிணறும் வேறு அந்தக் கடல் பக்கம்; தினமும் கதவடியில் குவிகிற பனியை வாரித்தான் அவற்றுக்குப் போக முடியும். தெயோதிம் மாட்டை நிறுத்தித் தங்கையைப் பார்த்தான். ஓசித் சன்னலில் தலையை நீட்டினாள்.

"அவர் சொன்னபடியே வைங்கண்ணே. பாதிரியார் வரவும் பிணம் போகவும் மட்டும்னு பூட்டி வச்ச முன்கதவு இருக்குல்ல, எனக்கு அது போதும். இந்தக் கதவு அவருக்கு. விறகு, தண்ணி கொண்டு வர்றதும் பனி வாருறதும் அவர்தான்."

சொன்னபடியே வைத்தார்கள். ஃபிலரோம் அதைத் தன் வெற்றி என்றே நினைத்தான், முதல் புயல் அடித்து விடியும் வரை.

அதன்பிறகு குளிர்காலக் காலைகளில் அவனைப் பார்க்க வேண்டுமானால் அந்தக் கதவருகே போனால் போதும். தாழ்ப்பாள் உயரத்துக்குக் குவிந்த பனியை மண்வாரியால் அள்ளிக் கொட்டிக்கொண்டிருப்பான். போகிறவர்கள் நின்று, பைக்குள் கைவிட்டு, ஒரு கண்ணை மூடுவார்கள். பதிலுக்கு மூட அவனுக்கும் ஒரு கண் இருந்தது. பைக்குள் விடத்தான் கை இல்லை.