தெரசாவின் ஓட்டமும் அந்தோணியின் பையும்

பொம்மையார்பாளையத்தில் காலை ஐந்து மணிக்கு டீ பன்னிரண்டு ரூபாய். நான் குடித்து முடிப்பதற்குள் தெரசா ஓடத் தொடங்கிவிட்டார். மரக்காணம் உப்பளம் வரை சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். அவர் ஓட்டத்தைப் பற்றி எழுத வந்த எனக்கோ பேருந்தைப் பிடிக்க ஓடினாலே மூச்சு வாங்கும். ஆகவே அவர் கணவர் அந்தோணியின் மொபெட்டில் தொற்றிக்கொண்டேன்.

தெரசா கிளியனூரில் விளையாட்டு ஆசிரியை. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டு மூன்று வருடம் ஆகிறது. அவர் பனியன் முதுகில் ஒரே வரி: “நோயாளியை விசாரிச்சீங்க, பார்த்துக்கிறவங்களை விசாரிச்சீங்களா?” பார்த்துக்கொண்டவர் என் முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். தோளில் துணிப்பை, உள்ளே தண்ணீர், குளுக்கோஸ், துண்டு, மாத்திரை. ஆஸ்பத்திரி நாட்களில் மாட்டியதை இன்னும் கழற்றவில்லை. நான் வாங்கிக்கொள்கிறேன் என்றபோதும் தரவில்லை.

ஆறரை மணிக்குத் தண்ணீர் குடிக்க நின்ற தெரசா என்னிடம் சொன்னார்: “கடைசி ஒரு கிலோமீட்டராவது இவரு பையை வெச்சிட்டு என்கூட ஓடணும். அதுக்குத்தான் இவ்ளோ தூரம் வர்றேன்.” அந்தோணி காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

எட்டரைக்கு மரக்காணம் உப்பளத்தின் விளிம்பு, இன்னும் ஒரு கிலோமீட்டர் பாக்கி. பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. பெண்கள் கூடையில் உப்பு சுமந்துகொண்டிருந்தார்கள். உப்பைக் குவிக்கும் மேடு வரை ஒருத்தியே சுமப்பதில்லை. பாதி வழியில் இன்னொருத்தி தன் தலைக்கு மாற்றிக்கொள்கிறாள், முதலாமவள் கைவீசித் திரும்புகிறாள்.

தெரசா அவர்களிடம் பனியன் வரியை விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த லட்சுமி என்பவர் நேராக அந்தோணியிடம் வந்து கையை நீட்டினார்.

“குடுங்கண்ணா. பாதி தூரம் நீங்க தூக்கிட்டீங்க இல்ல, மிச்சத்தை நாங்க எடுத்தாறோம்.”

அந்தோணி எது எங்கே இருக்கிறது என்று சொல்லத் தொடங்குவதற்குள் பை லட்சுமியின் தலையில் ஏறிவிட்டது. வேறு வழியில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு தெரசாவோடு வரப்பில் ஓடினார். முதலில் கையை எங்கே வைப்பதென்றே அவருக்குத் தெரியவில்லை. பிறகு சிரித்தார், சிரித்துக்கொண்டே மனைவியை முந்திவிட்டார்.

“இவ்ளோ தூரம் ஓடுனது நானு, ஜெயிக்கிறது இவராம்” என்று தெரசா மூச்சிரைக்கக் குறைபட்டார். முகமெல்லாம் சந்தோஷம்.

பதினோரு மணிப் பேருந்தில் திரும்பும்போது அக்காவுக்கு போன் செய்தேன். அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். நான் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிடுகிறவன். அன்று, சனி ஞாயிறு நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், நீ எங்காவது போய் வா என்றேன்.

“நான் எங்கடா போவேன்?” என்றாள்.

“பொம்மையார்பாளையம் போ. டீ பன்னெண்டு ரூபாதான்” என்றேன்.